கத்தி வைக்கும் முன் காதை அளப்பது

எங்கள் ஆட்கள் காதில் சீழ் வடிவதை ஒரு வருத்தமாகவே கணக்கில் எடுப்பதில்லை. தடிமல் வந்தால் வரும், பஞ்சு வைத்தால் நிற்கும், மழைக்காலம் முடிந்தால் காய்ந்துவிடும் என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். ஒரு காது மந்தமாகிவிட்டால் போனை மற்றப் பக்கம் மாற்றிப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற பெரியவர்கள் மட்டுமல்ல, மலையகத்திலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்கு வந்த இளம் பிள்ளைகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். கடைசியில் ஒருநாள் தலைசுற்று வந்தோ, நாற்றம் தாங்காமல் வீட்டில் யாராவது பிடித்துத் தள்ளியோ காது மூக்கு தொண்டை க்ளினிக்குக்குப் போகிறார்கள். டொக்டர் மைக்ரோஸ்கோப் வைத்துக் காதுக்குள் பார்த்துவிட்டு, ஒப்பரேஷன் தேவை, அதற்கு முன்னால் ஒரு சீ.டி. ஸ்கேன் வேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார்.

அந்தத் துண்டோடு அவர்கள் வந்து சேரும் அறையில்தான் எனக்கு வேலை. கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் ஸ்கேன் பிரிவில் நான் ரேடியோகிராபர்.

அண்மையில் ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவன் மேசையில் படுக்கும் முன் கேட்டான்: "மிஸ், டாக்டர்தான் காதுக்குள்ள எல்லாம் பாத்துட்டாரே. சீழ் வருதுன்னு அவருக்கே தெரியும். அப்புறம் எதுக்கு மிஸ் தலைய படம் எடுக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு பயத்தோடு படுப்பவர்கள்தான் அதிகம். வெளியே அடுத்த ஆள் காத்திருக்கும்போது அவனுக்கு நான் சொல்லக்கூடியதாக இருந்தது கொஞ்சம்தான். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, இந்த ஸ்கேன் பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்காக எடுக்கப்படுவதில்லை. நோய் என்னவென்று டொக்டருக்கு மைக்ரோஸ்கோப்பிலேயே அநேகமாகத் தெரிந்துவிடுகிறது. ஸ்கேனிடம் அவர் கேட்பது வேறு கேள்விகள். இந்த ஆளின் காதில் எது எங்கே இருக்கிறது? எதற்கும் எதற்கும் இடையில் எவ்வளவு இடைவெளி? எந்தச் சுவர் இன்னும் நிற்கிறது, எது கரைந்து போய்விட்டது? அதாவது அவருக்கு வேண்டியவை அளவுகள்.

அந்த அளவுகள் எவ்வளவு சின்னவை என்று தெரிந்தால்தான் விஷயம் விளங்கும். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் நடுக்காது என்ற அறையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர், முன்பின் நீளமும் அதே அளவு. அகலம்தான் அதிசயம். மேலே 6 மில்லிமீற்றர், கீழே 4, நடுவில் வெறும் 2. வெளியே செவிப்பறை, உள்ளே உட்காதின் எலும்புச் சுவர், இரண்டுக்கும் நடுவே 2 மில்லிமீற்றர் இடம். மூன்று எலும்புகள் அந்த அறைக்குள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன: சம்மட்டி, பட்டடை, ஏந்தி. ஏந்திதான் உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு. உயரம் 3 மில்லிமீற்றரும் கொஞ்சமும், எடை சில மில்லிகிராம்.

இந்தச் சின்ன அறையைச் சுற்றி யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கூரைக்கு மேலே மூளை. தரைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கும் பெரிய நாளத்தின் குமிழ். முன்சுவருக்கு அப்பால் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடி. உட்சுவரில் கேட்கும் உறுப்பும் உடம்பை நிலையாக நிறுத்தும் அரைவட்டக் கால்வாய்களும். அந்த உட்சுவரை ஒட்டியபடியே, மெல்லிய எலும்புக் குழாய்க்குள், முகநரம்பு ஓடுகிறது. சிரிப்பதும் கண்ணை மூடுவதும் அந்த நரம்பால்தான். பின்பக்கமாக ஒரு வாசல் திறந்து, காதுக்குப் பின்னால் நாம் கையால் தடவினால் தெரிகிற மாஸ்டொயிட் எலும்புக்குள் போகிறது. அந்த எலும்புக்குப் பின்னால் மூளையிலிருந்து இரத்தத்தை வடிக்கும் பெரிய நாளம் வளைந்து இறங்குகிறது. இவ்வளவும் ஒரு ஆளின் பெருவிரல் அகலத்துக்குள் நடக்கிற விஷயம்.

நாட்பட்ட காதுச் சீழ் எல்லாம் ஒரே வகை இல்லை. செவிப்பறையின் நடுவில் ஓட்டை விழுந்து, தடிமல் வரும்போதெல்லாம் சளிபோல வடிவது ஒரு வகை. அது தொல்லை, கேட்பதையும் குறைக்கும், ஆனால் எலும்பைத் தின்பது அரிது. மற்ற வகைதான் பயப்பட வேண்டியது. செவிப்பறையின் மேற்பகுதி உள்ளே இழுபட்டு ஒரு பை உண்டாகிறது. அந்தப் பைக்குள் தோல் வளர்ந்து உரிந்து உரிந்து சேர்கிறது. அதற்குக் கொலெஸ்டியடோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை. ஆனால் தான் தொட்ட எலும்பைக் கரைக்கும். பட்டடை எலும்பின் நீண்ட கால் பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் பெரும்பாலும் அதுதான் முதலில் போகிறது. பிறகு கூரை, கிடையாக இருக்கும் அரைவட்டக் கால்வாய், முகநரம்பின் உறை என்று எது கிட்ட இருக்கிறதோ அது. அளவில் கொஞ்சமாக, கெட்ட நாற்றத்தோடு வரும் சீழ் இந்த வகையாக இருக்கலாம். நிறைய வடிகிற காதைவிடக் கொஞ்சமாக வடிகிற காது ஆபத்தானதாக இருக்கலாம் என்பதை எங்கள் வீடுகளில் யாரும் நம்புவதில்லை. அது எனக்குப் பெரிய மனவருத்தம். நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சி ஊற்றுகிறார்களே, ஓட்டை விழுந்த செவிப்பறை வழியாக அது நேரே இந்த அறைக்குள்தான் போகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கொலெஸ்டியடோமா மருந்தால் போகாது. ஒப்பரேஷன்தான். 1873இல் ஜேர்மன் வைத்தியர் ஹெர்மன் ஷ்வார்ட்சே மாஸ்டொயிட் எலும்பைத் திறந்து சீழை வெளியேற்றும் முறையை ஒழுங்காக எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் கையில் இருந்தது உளி. இன்று மைக்ரோஸ்கோப், வேகமாகச் சுழலும் ட்ரில், தண்ணீர் பாய்ச்சியபடி எலும்பைத் துகள் துகளாகச் சீவும் வேலை. கருவி மாறிவிட்டது, ஆனால் இடம் மாறவில்லை. காதுக்குப் பின்னால் தொட்டால் தெரிகிற ஒரு சின்ன முக்கோணப் பள்ளத்தில் தொடங்கி, உள்ளே இருக்கும் காற்றறையை அடைவது இன்றும் அதே பாதைதான். கிளாஸ்கோவில் இருந்த மெக்யூவன் என்ற வைத்தியரின் பெயரால் அந்த முக்கோணத்தைச் சொல்கிறார்கள். பெரியவர்களில் அங்கிருந்து அந்த அறை சுமார் 15 மில்லிமீற்றர் ஆழம். பிறந்த குழந்தையில் 2 மில்லிமீற்றர்தான், பிறகு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வீதம் கூடுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே ஆழத்தை மனதில் வைத்துக்கொண்டு ட்ரில்லைப் பிடிக்க முடியாது.

புத்தகத்தில் உள்ள சராசரி அளவு எல்லாருக்கும் பொருந்தும் என்றால் ஸ்கேனே தேவைப்படாது. பிரச்சினை என்னவென்றால், இந்த எலும்பு ஆளுக்கு ஆள் மாறுகிற மாதிரி உடம்பில் மற்ற எலும்புகள் மாறுவதில்லை என்றே எனக்குத் தோன்றும். திரையில் நாள்தோறும் பார்ப்பதால் சொல்கிறேன். சில பேருக்கு மாஸ்டொயிட் முழுவதும் காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள். சிறுவயதிலிருந்தே காது வடிந்தவர்களுக்கு அந்த அறைகள் வளரவே இல்லை. எலும்பு இறுகிக் கெட்டியாக இருக்கும். அப்படிக் கெட்டியான எலும்பில், பின்னால் இருக்க வேண்டிய பெரிய நாளம் முன்னுக்கு வந்திருப்பதையும், மூளையைத் தாங்கும் கூரை தாழ்ந்து தொங்குவதையும் அடிக்கடி பார்க்கலாம். எவருக்கு ஒப்பரேஷன் அதிகம் தேவையோ, அவருக்கே வேலை செய்ய இடம் மிகக் குறைவு. ஒரே ஆளின் வலக் காதும் இடக் காதும்கூட ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றில்லை.

எவற்றை அளக்கிறார்கள்? காதுத் துளையின் பின்சுவரிலிருந்து அந்தப் பெரிய நாளம் வரை எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார்கள். 15 மில்லிமீற்றர் இருந்தால் டொக்டர் நிம்மதியாக உள்ளே போகலாம். 5 என்றால் பின்பக்கத்திலிருந்து போகிற பாதையையே மாற்றிக்கொண்டு, காதுத் துளை வழியாக உள்ளிருந்து வெளியாகப் போக யோசிப்பார். கிடை அரைவட்டக் கால்வாயிலிருந்து கூரை எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். அந்த இடுக்குக்குள்தான் பட்டடையின் உடலும் சம்மட்டியின் தலையும் இருக்கின்றன, நோயும் அங்கேதான் ஒளிகிறது. தரையில் இருக்கும் நாளக் குமிழ் சில பேரில் மேலே ஏறி, நடுக்காதுக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். அதன் மேல் எலும்பு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியில்லாத குமிழைத் தெரியாமல் தொட்டால் இரத்தம் கொட்டும்.

முகநரம்புக்கு நான் கூடுதல் இடம் கொடுத்துத்தான் எழுத வேண்டும். எலும்புக்குள் இந்த நரம்பு ஓடும் பாதை மொத்தம் 30 மில்லிமீற்றர் அளவு. நடுக்காதின் உட்சுவரில் ஏறக்குறைய கிடையாக வந்து, கிடை அரைவட்டக் கால்வாய்க்குக் கீழே ஒரு வளைவு எடுத்து, மாஸ்டொயிட்டுக்குள் நேரே கீழே இறங்குகிறது. ஒப்பரேஷனில் டொக்டர் இதைக் கண்டுபிடிப்பது அடையாளங்களை வைத்து. ஒன்று அந்தக் கிடைக் கால்வாய். இன்னொன்று பட்டடை எலும்பின் குட்டைக் கால். அது நரம்பின் வளைவு இருக்கும் திசையைக் காட்டிக்கொண்டு நிற்கும். இப்போது யோசித்துப் பாருங்கள். நோய் பட்டடையைத் தின்றுவிட்டது. கால்வாயின் மேற்சுவரையும் அரித்துவிட்டது. வழி காட்ட வேண்டிய இரண்டு அடையாளங்களும் இல்லை. கெட்டியான எலும்பு, சுற்றிலும் சதை வளர்ச்சி, தொட்டால் இரத்தம். அந்த நேரத்தில், முந்தின நாள் ஸ்கேனில் பார்த்து மனதில் பதித்த அளவுதான் அவருக்குத் துணை: காதுத் துளையின் பின்சுவரிலிருந்து நரம்பு இத்தனை மில்லிமீற்றர் உள்ளே, இந்த மட்டத்தில் வளைகிறது, இங்கே உறை இருக்கிறது, இங்கே இருக்கிறதா என்பது சந்தேகம்.

அந்த வளைவுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பள்ளம் இருக்கிறது. நரம்புக்கு உட்புறமாகப் பின்னோக்கிக் குழிந்து போவது. சில பேருக்கு ஆழமே இல்லை, சில பேருக்கு நரம்பையும் தாண்டிப் பின்னால் போகும். மைக்ரோஸ்கோப்பின் நேர்ப்பார்வைக்கு அது எட்டாது. ஒப்பரேஷன் முடிந்து ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி வருகிறவர்களில் பலருக்கு, அன்று அங்கே ஒரு துளி தோல் மிச்சம் இருந்திருக்கும். ஸ்கேனில் அதன் ஆழத்தை அளந்து சொன்னால், வளைந்த பார்வை தரும் எண்டொஸ்கோப்பை ஆயத்தமாக வைத்திருக்கலாம். ஒரு அளவு எழுதப்படாததால் ஒரு ஆள் இன்னொரு முறை மயக்க ஊசி போட்டுக்கொள்ள வேண்டி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதனால்தான் ரிப்போர்ட் எப்படி எழுதப்படுகிறது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை. பல ஸ்கேன் ரிப்போர்ட்கள் இரண்டு வரியில் முடிந்துவிடுகின்றன: மாஸ்டொயிட் இறுகியிருக்கிறது, நடுக்காதில் சதை போன்ற பொருள் இருக்கிறது, சின்ன எலும்புகள் அரிக்கப்பட்டுள்ளன. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதில் பாதி அந்த டொக்டருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியாதது தூரங்களும் ஆழங்களும்தான். கூரை எவ்வளவு தாழ்வு, நாளம் எவ்வளவு முன்னுக்கு, நரம்பின் உறை எந்த இடத்தில் மெலிவு, ஏந்தி நிற்கிறதா இல்லையா. ஏந்தி நின்றால் கேட்பதைச் சீர்படுத்தப் பொருத்தும் துண்டு ஒரு வகை, ஏந்தி போய் அதன் அடித்தட்டு மட்டும் மிஞ்சியிருந்தால் அதைவிட நீளமான வேறு வகை. இது முன்கூட்டியே தெரிந்தால் தேவையான துண்டைத் தேடி எடுத்து வைத்திருக்கலாம். ஒவ்வொரு காது ரிப்போர்ட்டிலும் இந்த அளவுகளுக்கென்று நிரப்ப வேண்டிய ஒரு நிலையான பகுதி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படம் எடுக்கும் வைத்தியரும் கத்தி பிடிக்கும் வைத்தியரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசும் நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பத்து நிமிடம் பேசினால் அந்த இரண்டு வரி ரிப்போர்ட்டில் இல்லாத அத்தனையும் வந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு நேரம் ஒதுக்குவது ஆடம்பரம் இல்லை.

எங்களிடம் இருக்கும் கருவி இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு இருந்தது சாதாரண எக்ஸ்ரே. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பி வைத்து எடுப்பார்கள். மூத்தவர்கள் சிலருக்கு அந்தக் கோணங்கள் இன்னும் மனப்பாடம். மாஸ்டொயிட்டில் காற்று இருக்கிறதா, நாளம் எந்தளவு முன்னுக்கு என்பது ஒருவாறு தெரியும். மூன்று எலும்புகளையும் பற்றி அதில் ஒன்றும் பெரிதாகச் சொல்ல முடியாது. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி இலண்டனில் ஒரு நோயாளிக்கு முதல் சீ.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த இயந்திரம். அதற்காக 1979இல் அலன் கோர்மக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அந்த ஆரம்ப இயந்திரத்தில் ஒரு படம் 80க்கு 80 புள்ளிகள்தான். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். அதாவது ஏந்தி எலும்பு முழுவதும் ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடும். ஒரு படம் காட்டும் உடம்புத் துண்டின் தடிப்போ 13 மில்லிமீற்றர், நடுக்காது கிட்டத்தட்ட முழுவதும் ஒரே படத்துக்குள் அமுங்கிவிடும்.

இன்று நாங்கள் காதுக்கு எடுக்கும் படத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பாதியளவு. ஒரு பக்கக் காதை மட்டும் 100 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் பெருப்பித்து, 512 புள்ளிகளாகப் பிரித்தால், ஒரு புள்ளி 0.2 மில்லிமீற்றர். எலும்பைக் கூர்மையாகக் காட்டும் கணிப்பு முறையைத் தெரிவு செய்கிறோம். மருந்து ஊசி தேவையில்லை, எலும்பும் காற்றும் தாமாகவே ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாகப் பிரிந்து தெரியும். கிடையாக வெட்டிய படத்தில் சம்மட்டியின் தலையும் பட்டடையின் உடலும் சேர்ந்து கோன் ஐஸ்கிறீம் மாதிரியே நிற்கும். ஐஸ்கிறீம் உருண்டை சம்மட்டி, கோன் பட்டடை. ஆரோக்கியமான காதில் அதைப் பார்க்கும்போது மனதுக்கு ஒரு சந்தோஷம். உருண்டை மட்டும் இருந்து கோன் இல்லையென்றால் அந்த ஆள் எவ்வளவு காலம் சீழோடு இருந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆனால் அளவு சரியாக வர வேண்டுமென்றால் படுக்கும் விதமும் சரியாக இருக்க வேண்டும். தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கிப் படுக்கச் சொல்வது சும்மா இல்லை. கண்ணின் வில்லைக்குக் கதிர்வீச்சு நேரே படாமல் தப்பிக்க அது உதவுகிறது. எடுத்த பிறகு கொம்பியூட்டரில் படங்களைக் கிடை அரைவட்டக் கால்வாயின் மட்டத்துக்குச் சமமாகத் திருப்பி அமைக்கிறோம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இதைச் செய்யாமல் சரிந்த படத்தில் கோடு போட்டு அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. ஒரு மில்லிமீற்றர் கூடக் குறைய வந்துவிடும், இந்த இடத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது பெரிய தொகை. தோடு, மூக்குத்தி, தலைக்கிளிப், கட்டுப்பல், காதுக் கருவி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதும் இதனால்தான். உலோகம் படத்தில் கீறல் கீறலாகக் கோடுகளை இழுத்துவிடும். கலியாணத்துக்குப் போட்ட தோட்டைக் கழற்றவே இல்லை என்று சொல்லும் அம்மாமார் இருக்கிறார்கள். வரும் முன் வீட்டில் வைத்துச் சவர்க்காரத் தண்ணீர் பூசி ஆறுதலாகக் கழற்றிவிட்டு வந்தால் அவர்களுக்கும் நோகாது.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. நடுக்காதுக்குள் நரைநிறமாக ஒன்று நிறைந்திருக்கிறது என்று சீ.டி. காட்டும். அது கொலெஸ்டியடோமாவா, சதை வளர்ச்சியா, வெறும் சளியா என்று அது பிரித்துச் சொல்லாது. பக்கத்து எலும்பு அரித்திருப்பதைப் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். நீரின் அசைவை வைத்துப் பார்க்கும் ஒரு வகை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கொலெஸ்டியடோமா பளிச்சென்று தெரியும், இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வளர்ந்திருந்தால். ஆனால் எம்.ஆர்.ஐ. எலும்பைக் காட்டாது. ஆகவே ஒன்று மற்றதற்குப் பதில் இல்லை. அடுத்த எல்லை இன்னும் நுணுக்கமானது. முகநரம்பின் உறை சில இடங்களில் அரை மில்லிமீற்றரைவிட மெல்லிது. அவ்வளவு மெல்லிய எலும்பு, பக்கத்தில் உள்ள சதையின் நிறத்தோடு கலந்து, இல்லாதது போலவே படத்தில் தெரியலாம். போதாததற்கு, ஆரோக்கியமான காதுகளிலேயே பலருக்குப் பிறப்பிலிருந்து அந்த உறையில் இடைவெளி உண்டு. ஆகவே "உறை இல்லை" என்று ரிப்போர்ட் சொன்னால் டொக்டர் அதை எச்சரிக்கையாக எடுப்பார். "உறை இருக்கிறது" என்று சொன்னாலும் கண்ணால் காணும்வரை கவனமாகவே இருப்பார். அளவு அவருடைய கண்ணுக்கும் கைக்கும் பதிலாக வருவதில்லை. எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை முன்னமே சொல்லி வைக்கிறது.

எல்லாக் காதுக்கும் இந்த ஸ்கேன் தேவையா என்றால் இல்லை. செவிப்பறையில் நடுவே ஒரு ஓட்டை, காது காய்ந்து இருக்கிறது, கேட்கும் சோதனையும் அதற்கு ஏற்றபடி இருக்கிறது என்றால் பல டொக்டர்மார் ஸ்கேன் இல்லாமலே செவிப்பறையை மூடிவிடுவார்கள். அது சரியானதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு வீணாகக் கதிர்வீச்சு கொடுக்கக்கூடாது. கொலெஸ்டியடோமா சந்தேகம், தலைசுற்று, முகம் ஒரு பக்கம் தளர்வது, கடும் தலையிடியோடு காய்ச்சல், முன்பு ஒப்பரேஷன் செய்த காது, கேட்கிற காது அது ஒன்றுதான் என்ற நிலை: இவற்றில் ஸ்கேன் இல்லாமல் போவதை யாரும் விரும்பமாட்டார்கள். அயல் வீட்டுப் பிள்ளைக்கு எடுத்தார்கள், என் பிள்ளைக்கு ஏன் எடுக்கவில்லை என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு அம்மாவை நினைக்கிறேன். ஸ்கேன் முடிந்து தோட்டைத் திரும்பப் போட உதவிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, உண்மையைச் சொல்லுங்கோ. இதைச் செய்தால் வாய் கோணிப் போகுமாமே? எங்கட ஒழுங்கையில ஒராளுக்கு அப்பிடி நடந்ததாம்."

அவருக்கு யாரும் ஒன்றும் ஒளிக்கவில்லை. ஆனால் க்ளினிக்கில் அவர் கேட்டது அவருக்குப் பாதி விளங்கிய சிங்களத்திலும், கையில் கிடைத்தது அவர் வாசிக்காத ஆங்கிலத்திலும். முகநரம்பு பற்றிச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியபோது, ஆபத்து என்ற ஒரு சொல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. நான் ரிப்போர்ட் சொல்லக்கூடாது, அது என் வேலை இல்லை. ஆனால் ஸ்கேன் எதற்கு என்று சொல்லலாம். சொன்னேன்: "அம்மா, அந்த நரம்பு உங்கட காதில எங்க போகுது எண்டு பார்க்கத்தான் இந்தப் படம். டொக்டர் பார்க்காமல் தொட மாட்டார். நோயை விட்டு வைச்சாலும் அதே நரம்பைத்தான் அது ஒருநாள் தின்னும். நரம்பு எவ்வளவு கிட்ட இருக்கு எண்டு டொக்டரிட்டையே கேளுங்கோ, கேட்கிறது பிழையில்லை." அவர் தன் மகளிடம் திரும்பி, "அதை எழுதி வை, நாளைக்கு மறந்துபோவன்" என்றார்.

அந்த மகள் எழுதிக்கொண்டு போன கேள்வியை எல்லாரும் கேட்கலாம். என் காதில் மூன்று எலும்பில் எத்தனை மிச்சம்? கூரை உடைந்திருக்கிறதா? நரம்பின் மேல் மூடி இருக்கிறதா? காதுத் துளையின் சுவரை வைத்துக்கொண்டு செய்யப் போகிறீர்களா, எடுத்துவிட்டா? சுவரை எடுத்துவிட்டால் உள்ளே பெரிய குழி உண்டாகும், வாழ்நாள் முழுக்க க்ளினிக்குக்கு வந்து துப்புரவு செய்ய வேண்டி வரலாம், குளிக்கும்போதும் கடலுக்குப் போகும்போதும் கவனம் வேண்டும். சுவரை வைத்துக்கொண்டால் காது பார்ப்பதற்கு இயல்பாக இருக்கும், ஆனால் நோய் மிஞ்சியிருக்கிறதா என்று பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தோ திரும்பத் திறந்தோ பார்க்க வேண்டும். எது என்பதை முடிவெடுப்பதில் இந்த அளவுகளுக்கும் பங்கு இருக்கிறது. இடம் இல்லாத காதில் சுவரை வைத்துக்கொண்டு எல்லா மூலையையும் துப்புரவாக்குவது கடினம். டொக்டர்மாருக்கு நேரம் குறைவு என்பது உண்மை, வெளியே வரிசை நீளம். ஆனாலும் ஆயத்தமாகக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. சிங்களம் கஷ்டம் என்றால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இதை மட்டும் நான் எல்லாரிடமும் அடித்துச் சொல்வேன். ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் சீடித் தட்டைத் தொலைக்காதீர்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் க்ளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு, சீடியை அலுமாரிக்கு மேல் எங்கோ போட்டுவிடுகிறார்கள். வெய்யிலிலும் தூசியிலும் கிடந்து அது வாசிக்க முடியாமல் போகிறது. இரண்டாம் தடவை ஒப்பரேஷன் தேவைப்பட்டால் அந்தக் காதில் அடையாளங்கள் எதுவும் பழைய இடத்தில் இருக்காது. டொக்டரும் வேறொருவராக இருக்கலாம். முதல் ஒப்பரேஷனுக்கு முன்னால் அந்த எலும்பு எப்படி இருந்தது, கூரை அப்போதே மெலிந்திருந்ததா, நரம்பு எங்கே வளைந்தது என்பதற்கு அந்தப் பழைய படம்தான் சாட்சி. வீட்டில் யாரையாவது கொண்டு அதை ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்து, சீடியின் மேல் பெயரையும் திகதியையும் வலமா இடமா என்பதையும் எழுதி, அடையாள அட்டை வைக்கிற இடத்திலேயே வையுங்கள். க்ளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கொப்பியோடு சேர்த்து அதையும் கொண்டுபோங்கள்.